வலப்பக்கம் மட்டும் திரும்பிய கார்

“இந்த வண்டிய யாரோ தெனமும் வட்டமாவே சுத்துறாக, டீச்சர்.”

சொர்ணலதாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு பாதியில் நின்று... கோபமாக மாறியது.

“யாரோன்னா?”

“ஓட்டுறவுக.”

“ஓட்டுறது நான்.”

“அப்ப நீங்க.”

வெளியே ஆனி மாதத்துச் சாரல். அந்த மாதத்தில் தேனியில் மழை கொட்டாது. மேற்கே மலையில் கொட்டித் தீர்த்துவிட்டு, மிச்சத்தைக் காற்றின் கையில் கொடுத்தனுப்பும். பெரியகுளம் சாலையின் ஓரத்தில் தகரக் கூரை போட்டு, சக்கரங்களின் கோணம் சரிபார்க்கிற அந்த வீல் அலைன்மெண்ட் கடைக்குள், காற்று அதைப் பூப்போலத் தூவிக்கொண்டிருந்தது. அவளுடைய புருவத்தில் ரெண்டு துளி. அதைத் துடைக்கக்கூட மறந்து அவனை முறைத்துக்கொண்டிருந்தாள்.

அடேயப்பா... இந்தக் கண்ணுக்கு முன்னால் எந்தப் பையன் வீட்டுப்பாடம் எழுதாமல் போய் நிற்பான்... என்று நினைத்தான் ஈஸ்வரபாண்டி. நினைத்ததை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டான்.

பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்துவிட்டு, கோயம்புத்தூரில் நாலு வருஷம் வேலை பார்த்து, 2007 தைப்பொங்கலுக்கு ஊர் திரும்பிக் கடை போட்டவன் அவன். கம்ப்யூட்டர் வைத்த மெஷின். அந்த வட்டாரத்துக்கு அது புதிது. டயர் தேய்ந்துவிட்டது என்று யார் வந்தாலும் முதலில் மெஷினிடம் போகமாட்டான். சக்கரத்தருகில் குந்தி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, டயரின் மேல் உள்ளங்கையை ஓட்டுவான். நாடி பார்க்கிற மாதிரி இருக்கும்.

சொர்ணலதா தேனியில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். ஊர் ஜெயமங்கலம். பக்கவாதம் வந்து இடது கால் துவண்டுபோன அம்மா ராமுத்தாயைப் பஸ்ஸில் ஏற்றமுடியாது. வாரத்தில் மூன்று நாள் தேனிக்குக் கூட்டிவந்து காலுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் இந்த வெள்ளைக் கார். வாங்கி எட்டே மாதம். முன் டயர் இரண்டும் அதற்குள் ஓரம் மழித்த மாதிரி ஆகிவிட்டன.

போன வாரம் மதுரையிலிருந்து வந்த, காருக்குப் பாதிப் பணம் போட்ட தாய்மாமா வைகுண்டராஜ் அந்த டயரைச் செருப்புக் காலால் தட்டிப் பார்த்தார். பொம்பளை கையில் வண்டி கொடுத்தால் இப்படித்தான் என்றார். காரை மதுரைக்கு எடுத்துப்போய்த் தன் மகனிடம் கொடுக்கப்போவதாகவும், ராமுத்தாய்க்கு வேண்டுமானால் வாடகைக்கார் பிடித்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம், சாவி வாங்க. அண்ணன் சொல்லுக்கு அம்மாவிடம் மறுபேச்சு கிடையாது. அப்பா அழகுமலையோ... துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். ஒரு வார்த்தை தனக்காகப் பேசவில்லை என்பதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

அதனால்தான் இங்கே வந்தாள். வண்டியில்தான் கோளாறு, ஓட்டுகிறவள் மேல் தப்பில்லை என்று ஒருத்தன் வாயால் கேட்டுக்கொண்டு போக.

இவன் என்னடா என்றால்...

“நான் வீட்ல இருந்து நேரா பள்ளிக்கூடம் வாரேன். நேரா வீட்டுக்குப் போறேன். வட்டம் சுத்த நான் என்ன ராட்டினமா ஓட்டுறேன்?”

“கோவிக்காதீக டீச்சர். இங்கன கொஞ்சம் உக்காருங்க. நீங்களே பாருங்க.”

உட்காரமாட்டேன் என்றுதான் நின்றாள். ஐந்து நொடி. பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சக்கரத்தின் மறுபக்கம் குந்தினாள். அவன் நிதானமாகச் சொன்னான். காற்று குறைவாக இருந்தால் டயரின் இரண்டு ஓரமும் தேயும். அதிகமாக இருந்தால் நடுவில் தேயும். அலைன்மெண்ட் தப்பியிருந்தால் இரண்டு டயரும் உள்பக்கம் தேயும், அல்லது இரண்டும் வெளிப்பக்கம் தேயும். கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றுக்கொன்று ஜோடியாக இருக்கும்.

“இதுல பாருங்க. இந்த டயர் வெளிப்பக்கம் தேஞ்சிருக்கு. அந்த டயர் உள்பக்கம். ரெண்டுக்குமே இடது ஓரம். மெஷின்ல போட்டேன், எல்லாம் பச்சையிலதான் நிக்குது, ஒரு கோளாறும் இல்ல. வண்டி ஸ்டீயரிங்க முழுசா ஒடிச்சு, வலப்பக்கமாவே திரும்பித் திரும்பிச் சுத்துனா மட்டும்தான் இப்பிடித் தேயும். கையை வச்சுப் பாருங்க.”

வைத்தாள். ஒரு திசையில் தடவினால் வழுக்கியது. மறு திசையில் தடவினால் ரம்பம் போலக் கீறியது. அவளுடைய விரல்களில் சாக்பீஸ் வெள்ளை, அவன் விரல்களில் டயர் கறுப்பு. நடுவில் அரை அடி இடைவெளி.

டயரின் மேடு மேடான பட்டன் இடுக்கில் சிக்கியிருந்த எதையோ அவன் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி உள்ளங்கையில் போட்டுக் காட்டினான். நெல் பதர். ஒரு வைக்கோல் துணுக்கு.

“வண்டிய ராத்திரி எங்கன விடுறீக?”

“களத்து ஷெட்டுல. எங்க தெருவுக்குள்ள கார் நுழையாது.” சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். “அதுக்காக? வீட்ல என்னைத் தவிர யாருக்கும் ஓட்டத் தெரியாது. உங்க மெஷின் தப்பு, இல்ல நீங்க தப்பு. டயர் விக்கிறதுக்கு இது ஒரு வழியாக்கும்.”

கார் சாரலைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது. ஈஸ்வரபாண்டி ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்தபடி வெகுநேரம் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். தப்பு என்று சொன்னதற்கு வருத்தம் வரவேண்டும். வரவில்லை. மனசு என்னவோ பண்டிகைக்கு முந்தின நாள் மாதிரி குதித்துக்கொண்டிருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் அதே கார் மறுபடி வந்து நின்றது.

பின்சீட்டில் ராமுத்தாய். பயிற்சி முடித்துத் திரும்புகிற களைப்பு. சொர்ணலதா இறங்கி வந்தாள். கையில் ஒரு கிழிந்த கணக்கு நோட்டுத் தாள். அதில் இரண்டு வட்டம் வரைந்து, நாலு சக்கரம் போட்டு, அம்புக்குறி இட்டிருந்தாள்.

“நேத்துப் பூரா உக்காந்து போட்டுப் பாத்தேன்.” அவள் அவனைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்தாள். “நீங்க சொன்னதுதான் சரி. வலப்பக்கம் திரும்புறப்ப ரெண்டு டயருக்கும் இடது ஓரத்துலதான் பாரம் விழும். அன்னைக்கு... அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது.”

“மார்க் எவ்வளவு டீச்சர்?”

“நூத்துக்குத் தொண்ணூறு. வண்டிய யாரு சுத்துறான்னு சொல்லல. பத்து போச்சு.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். முறைக்கும்போது அத்தனை பெரிதாக இருந்த கண்கள், சிரிக்கும்போது எங்கோ ஒளிந்துகொண்டன. அவன் கையில் இருந்த, காற்று அளக்கிற டயர் கேஜ் கீழே விழுந்தது. எடுத்தான். மறுபடி விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமா வருவதை, சாவி பறிபோவதை, அவள் அப்போதுதான் சொன்னாள். குரல் கொஞ்சம் இறங்கியது. கார் போவது பெரிசில்லையாம்... அம்மா இப்போதுதான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைக்கிறாளாம். பயிற்சி நின்றால் அதுவும் போய்விடுமாம்.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தப் பத்து மார்க்கையும் வாங்கிர்றேன்” என்றான் ஈஸ்வரபாண்டி.

கார் கிளம்பியதும் பின்சீட்டிலிருந்து ராமுத்தாய், பையன் தன்மையாகப் பேசுகிறான் என்றாள். சொர்ணலதா கண்ணாடியை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிக்கொண்டே ஓட்டினாள்.

வெள்ளிக்கிழமை விடியுமுன் ஈஸ்வரபாண்டியின் பைக் ஜெயமங்கலத்தில் நின்றது. களம் ஊருக்குக் கிழக்கே, வீடுகளை விட்டுத் தள்ளி, நாலு பக்கமும் தென்னை. பைக்கை மரத்தடியில் சாய்த்துவிட்டு நடந்தான். கிட்டப் போகும்போதே கேட்டது... முதல் கியரில் முனகுகிற இன்ஜின் சத்தம்.

சிமெண்ட் களத்தின் நடுவில் தார்ப்பாய் மூடிய நெல் குவியல். அதைச் சுற்றி வெள்ளைக் கார் போய்க்கொண்டிருந்தது. விளக்கு இல்லை. உள்ளே, பனியனும் தலைப்பாகையுமாக ஒரு மனிதர். மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடிக்கிற மாதிரி ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். வலம்... வலம்... வலம். ஒரு தடவைகூட இடப்பக்கம் திரும்பவில்லை.

அவனைக் கண்டதும் அவர், “ஹோ... ஹோ...” என்றார். காரிடம். அது கேட்கவில்லை. பிறகு பிரேக் நினைவுக்கு வந்து ஒரே மிதி. கார் குதித்து நின்று அணைந்தது.

“நிப்பாட்டத் தெரியும் தம்பி. எங்கன நிக்கும்கிறதுதான் அதுக்கு மட்டும் தெரியும்.”

டயர் கடையிலிருந்து வருவதாக அவன் சொன்னதும், அழகுமலை அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். நாலு மாதமாகத் தினமும் அரை மணி நேரம். மகள் ஓட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத் தானாகப் பழகியதாம். ஏன் ஒரே பக்கமாகச் சுற்றுகிறார் என்று கேட்டதற்கு, அவனை விசித்திரமாகப் பார்த்தார். நெல் குவிந்து கிடக்கிற களத்தில் இடமாகச் சுற்றலாமா... குடும்பம் விளங்குமா... மாட்டைக் கட்டி ஓட்டினாலும் வலந்தான், மனுசன் நடந்தாலும் வலந்தான், கார் மட்டும் என்ன உசத்தி என்றார்.

ஈஸ்வரபாண்டிக்கு அடக்கமுடியாமல் சிரிப்பு வந்தது. அடுத்து அவர் சொன்னதைக் கேட்டதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

“கார் வாங்குனதுலருந்து மூணு மாப்பிள்ளைய வேண்டாம்னுட்டா. என்ன ஆத்தா காரணம்னு கேட்டா, நான் போயிட்டா அம்மாவுக்கு யாரு வண்டி ஓட்டுவான்னு ஒரே பதில். நான் பழகிட்டேன்னா அந்தச் சாக்கு செல்லாதுல்ல? அவளுக்குத் தெரிஞ்சா சாவிய இடுப்புல முடிஞ்சுக்கிருவா. அன்னைக்கு மச்சான் அவளப் பேசுறப்ப, நான்தான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு தம்பி... நாக்கு ஒட்டிக்கிருச்சு.” அவர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். “நீயே எனக்குச் சொல்லிக்குடு. அவகிட்ட மூச்சு விடாத.”

சொர்ணலதாவுக்குக் கல்யாணம் ஆவதற்காக... நான் இவருக்குக் கார் ஓட்டச் சொல்லித்தரவேண்டும். யாரோ ஒருத்தன் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போவதற்காக.

முடியாது என்று சொல்ல ஒரு கணம் போதும். ஆனால் அந்தப் பெரியவர் மறுபடி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தார். ஈஸ்வரபாண்டி சரி என்றான்.

ஞாயிற்றுக்கிழமை. மாமா வைகுண்டராஜ் கடைக்கே வந்துவிட்டார். கூட அழகுமலை, கதர்ச் சட்டையில், செருப்பைப் பார்த்தபடி. சொர்ணலதா மட்டும் நிமிர்ந்து நின்றாள். ஈஸ்வரபாண்டியை அவள் பார்த்த பார்வையில் ஒரு நம்பிக்கை... சொல்லுங்க, அந்தப் பத்து மார்க்கையும் வாங்குங்க என்கிற மாதிரி.

அவன் அந்தக் கண்களைத் தவிர்த்துவிட்டு மாமாவிடம் பேசினான்.

“ஓட்டுறவுக மேல தப்பே இல்லிங்க. டீச்சர் கை சுத்தமான கை. இது அலைன்மெண்ட் கோளாறு. மொதல்ல பாத்தப்ப நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். சரி பண்ணியாச்சு. முன்னால ரெண்டு புது டயர் போட்டாப் போதும்.”

மாமா இரண்டு தடவை இருமினார். மெஷின்காரனே சொன்னபிறகு அவர் என்ன பேச... சாவி கேட்கவில்லை. டீ மட்டும் குடித்துவிட்டு மதுரைக்கு பஸ் ஏறினார். அழகுமலையின் முகத்தில் போன உயிர் திரும்பி வந்தது.

சொர்ணலதா கடைசி ஆளாக நின்றாள்.

“எல்லாம் பச்சையில இருந்துச்சு. நானே பாத்தேன்.”

அவன் ஸ்க்ரூடிரைவரைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான்.

“எங்க மாமாவுக்குப் பயந்து மாத்திச் சொன்னீகளா? இல்ல, டயர் வித்தாப் போதும்னா?” குரல் உடைந்ததை அவள் மறைக்கப் பார்த்தாள். “கார் எனக்கே இருக்கட்டும்னு சொன்னதுக்கு நன்றி. ஆனா நான் உங்கள நம்பித் தொலைச்சேன் பாருங்க... அதுதான் தாங்கல. சொன்ன சொல்லுல நிக்கிற ஆளுன்னு நெனச்சேன்.”

போய்விட்டாள்.

சாரல் அன்றைக்கும் இருந்தது. அதைப் பார்க்க அவனுக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு மாதம். கார் வாரம் மூன்று தடவை கடையைத் தாண்டிப் போகும். ஹாரன் சத்தத்திலேயே அவனுக்குத் தெரியும். அவள் திரும்பமாட்டாள். திரும்பமாட்டேன் என்று அவள் படுகிற பாடு அவளுக்குத்தான் தெரியும்... கடை வரும்போது மட்டும் ரேடியோ பெட்டியைத் திருகுவாள், அம்மாவிடம் தாகமா என்று கேட்பாள், கடை தாண்டியதும் கண்ணாடியில் ஒரே ஒரு தடவை பார்ப்பாள்.

விடியற்காலைகளில் மட்டும் அவன் அந்தக் காருக்குள்ளேயே இருந்தான். களத்தில் இடப்பக்கம் திருப்பமாட்டேன் என்று அழகுமலை ஒற்றைக்காலில் நின்றதால், ஊருக்கு அப்பால் மழைக்காலத்துக்கு வேலை நிறுத்தியிருந்த செங்கல் சூளை மைதானத்துக்குப் பாடத்தை மாற்றினான். அங்கே நெல் இல்லை, சாமிக்குற்றம் இல்லை. லைசென்ஸ் வேண்டுமென்றால் எட்டுப் போட்டுக் காட்டவேண்டும், எட்டில் பாதி இடப்பக்கம்தான் என்று சொல்லிப் புரியவைத்தான். வாழ்க்கையில் முதல் தடவை இடப்பக்கம் திருப்பிய அன்று அழகுமலை கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்திலிருந்த அவனும் மூடிக்கொண்டான்.

பாடத்தின் நடுவே அவர் பேசுவார். எல்லாம் அவளைப் பற்றித்தான். ஆறாம் வகுப்பிலேயே நெல் மூட்டைக் கணக்கில் தரகனை மடக்கியது, கோபம் வந்தால் சட்டினியில் உப்புப் போடாமல் விடுவது... அவன் கேட்டுக்கொண்டே, கிளட்ச்சை மெதுவாக விடச் சொல்வான்.

புரட்டாசியில் ஒருநாள், கம்பத்திலிருந்து வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்றார். நல்ல இடமாம். “இந்தத் தடவை வேண்டாம்னு சொல்லல தம்பி. வரட்டும்னுட்டா. ஏதோ மனசு வெறுத்த மாதிரிச் சொன்னா. ஆனாச் சொல்லிட்டா.”

கியர் மாறும் சத்தம் மட்டும் கேட்டது. மாற்றச் சொன்னது தானா, அவராக மாற்றினாரா... அவனுக்கு நினைவில்லை.

புதன்கிழமை பள்ளி விட்டு வந்து, சொர்ணலதா களத்து ஷெட்டில் காரை நிறுத்தினாள். நாளை மறுநாள் யாரோ வருகிறார்கள். வரட்டும். இறங்கியவள், ஏனென்று தெரியாமல் முன் சக்கரத்தருகில் குந்தினாள். அவன் செய்கிற மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு, புது டயரின் மேல் உள்ளங்கையை ஓட்டினாள்.

இரண்டு ஓரமும் ஒரே மாதிரி. ஆனால் விரலில் ஏதோ ஒட்டியது. கண்ணைத் திறந்தாள். செம்மண். பட்டன் இடுக்கெல்லாம் செம்மண், காய்ந்து கெட்டியாக.

ஜெயமங்கலத்திலிருந்து தேனி வரை கரிசல் உண்டு, தார் உண்டு. செம்மண் எங்கே? யோசித்தாள். செங்கல் சூளை... அங்கே நான் போனதே இல்லையே.

மண்டைக்குள் பழைய கணக்கு ஒன்று மறுபடி விழித்துக்கொண்டது. யாரோ ஓட்டுகிறார்கள். அவன் சொன்னது நிஜம். அப்படியானால் அன்றைக்கு ஏன் பொய்...

வியாழக்கிழமை விடியலில் அவளுடைய பழைய மொபெட் சூளைச் சாலையில் பறந்தது. சாரல் முகத்தில் ஊசி ஊசியாக அடித்தது. மைதானத்தின் முனையில் நிறுத்தினாள்.

வெள்ளைக் கார் அழகாக ஒரு எட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. ஓட்டுவது அப்பா. பக்கத்துச் சீட்டில், ஒரு கையைக் கைபிரேக்கில் வைத்துக்கொண்டு... அவன்.

கார் நின்றது. அழகுமலை இறங்கினார். மகளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். தப்பிக்க வழி இல்லை என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். நாலு மாதக் களம், மச்சானிடம் வாய் திறக்காதது, இந்தப் பையனிடம் வாங்கிய வாக்கு, அதற்காக அவன் தன் தொழிலையே குறைசொல்லிக்கொண்டது. “உன்னையவும் காப்பாத்திட்டான், என்னையவும் காட்டிக்குடுக்கல. கெட்ட பேரை அவன் வாங்கிக்கிட்டான். திட்டுறதுன்னா என்னையத் திட்டு ஆத்தா.”

அவளால் திட்ட முடியவில்லை. அந்த முரட்டுக் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். தனக்குக் கல்யாணம் ஆகவேண்டும் என்று ஐம்பத்தெட்டு வயதில் இருட்டில் வட்டம் சுற்றிய கை.

அழகுமலைக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அவசரம் வந்தது. தெருமுனையில் ஹாரன் அடித்து உங்க ஆத்தாளுக்குக் காட்டிவிட்டு வருகிறேன் என்றார். நானும் வருகிறேன் என்று மகள் சொல்வதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

இருவரும் சூளைக் கொட்டகைக்குள் ஒதுங்கினார்கள். கூரை ஓலையில் சாரல் பேசிக்கொண்டிருந்தது.

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

“வாக்குக் குடுத்துட்டேன்.”

“நான் அத்தனை பேசினேன்...”

“கேட்டேன்.”

“வலிக்கலையா?”

“வலிச்சுச்சு.” அவன் தரையைப் பார்த்துச் சிரித்தான். “ஆனா நீங்க திட்டுறதுக்காவது வந்தீக. அப்புறம் ரெண்டு மாசம் அதுக்குக்கூட வரல.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிய பக்கம் கார் தெரிந்தது. அப்பா எதற்கோ மைதானம் முழுவதையும் சுற்றி, செங்கல் அடுக்குகளைச் சுற்றி, பனைமரத்தைச் சுற்றி, பெரிய வட்டமடித்துச் சாலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

“ஏன் இப்பிடிச் சுத்திப் போறாக? ரெண்டடி பின்னால எடுத்துத் திருப்புனா சாலை அங்கனயே இருக்கே.”

ஈஸ்வரபாண்டி ஓலைக் கூரையைப் பார்த்தான். அவன் காது சிவந்துபோயிருந்தது.

“என்னங்க?”

“ரிவர்ஸ் எடுக்க வராது.”

“ரெண்டு மாசமாச் சொல்லிக்குடுக்குறீக.”

“அத மட்டும் சொல்லிக்குடுக்கல.”

“ஏன்?”

சாரல் கொஞ்சம் வலுத்தது. அவன் ஒரு செங்கல் துண்டைக் காலால் உருட்டிக்கொண்டிருந்தான். உருட்டி, நிறுத்தி... பிறகு நிமிர்ந்து நேராக அவள் கண்களைப் பார்த்தான். இரண்டு மாதமாகத் தவிர்த்த கண்கள்.

“மத்ததெல்லாம் இருபது நாள்ல பழகிட்டாக. ரிவர்ஸும் வந்துட்டா லைசென்ஸ் வாங்கிருவாக. லைசென்ஸ் வந்தா உங்களுக்கு ஒரு சாக்கும் மிச்சமில்ல... நீங்க எங்கேயோ போயிருவீக. அதான் நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிக்கிட்டே இருந்தேன். உங்கப்பாவுக்குச் செஞ்ச துரோகம்னா அது ஒண்ணுதான். எனக்கு உங்கள அனுப்ப மனசில்ல, டீச்சர்.”

அவள் அசையாமல் நின்றாள். புருவத்தில் துளிகள். உள்ளே ஏதோ ஒன்று ஓடி, ஓடி, ஓடி... வந்து சேரவேண்டிய இடத்தில் நின்ற மாதிரி இருந்தது. அடி முட்டாளே, கடையைத் தாண்டும்போதெல்லாம் கண்ணாடியில் எதைத் தேடினாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

“நாளைக்கே சொல்லிக்குடுத்துருங்க” என்றாள்.

அவன் முகம் வாடிப்போனது. “ரிவர்ஸா?”

“ஆமா. நாளைக்கே.”

“கம்பத்துக்காரவுக வர்றதுக்கு முன்னாலயா?”

“அவுக வரமாட்டாக. வர வேண்டாம்னு அப்பாவ இன்னைக்கே போன் பண்ணச் சொல்லப்போறேன்.” சேலை முந்தானையின் நுனி அவள் விரலில் சுற்றிக்கொண்டே இருந்தது. குரல் சாரலைவிட மெதுவாக வந்தது. “ஆனா நீங்க உங்க வீட்டுப் பெரியவுகள ஏத்திக்கிட்டு வருவீகல்ல... எங்க தெருவுக்குள்ள வண்டி வராது, களத்துலதான் விடணும், அதுக்கு ஒரே வாசல்தான். அப்பா காரைப் பின்னால எடுத்தாத்தானே உங்க வண்டி உள்ள வரும்?”